பெயரற்றோரின் நினைவு: பத்து ஆராங் சுரங்க நகரும் பேய்க்கதைகளும்

முன்னுரை

சிலாங்கூர் மாநிலத்தில், ரவாங் நகருக்கு மேற்கே அமைந்துள்ள சிற்றூர் பத்து ஆராங். மலாய்மொழியில் இப்பெயருக்கு நிலக்கரி என்பதே பொருள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாயாவின் இரயில் வண்டிகளையும் மின்நிலையங்களையும் இயக்கிய கரியில் பெரும்பகுதி இவ்வூர் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி மக்கள் வெளியேறினர். செங்கல் புகைபோக்கிகள், செடிகொடி மூடிய சூளைகள், அடைபட்ட சுரங்க வாயில்கள், நீர் நிரம்பிய பெருங்குழிகள் ஆகியன எஞ்சின. ஊரில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். ஆயினும் வெளியூரார் வாயில் அது ‘பேய் நகரம்’ என்றே வழங்குகிறது.

‘பேய் நகரம்’ என்னும் தொடருக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். மக்கள் கைவிட்ட நகரம் என்பது ஒன்று. பேய்கள் உலவும் நகரம் என்பது மற்றொன்று. சுரங்க நகரங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு கலந்து விடுகின்றன. ஊர் வெறிச்சோடியதும் கதைகள் குடியேறுகின்றன. இக்கதைகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவோரும் உளர். சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் வேடிக்கையாகக் கொள்வோரும் உளர். இவ்விரு நிலைகளுக்கும் அப்பால், பேய்க்கதைகளைத் தொழிலாளர் வரலாற்றின் ஒரு சான்றாகக் கொள்ள இயலுமா, இயலுமெனில் அச்சான்று எதைக் காக்கிறது, எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பத்து ஆராங்கின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இப்பகுதியில் நிலக்கரி இருப்பது 1908ஆம் ஆண்டளவில் அறியப்பட்டது. ஜோன் ஆர்ச்சிபால்ட் ரசல் என்னும் தொழில்முனைவர் முன்னின்று உருவாக்கிய ‘மலாயன் கோலியரிஸ்’ நிறுவனம் 1915ஆம் ஆண்டு முதல் கரி எடுக்கத் தொடங்கியது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே இக்கரியின் முதன்மை வாடிக்கையாளராக விளங்கியது. கோலாலம்பூருக்கு மின்சாரம் வழங்கிய பங்சார் மின்நிலையமும், பல ஈய லம்பங்களும் இதனையே நம்பியிருந்தன. நிலத்தடிச் சுரங்கங்களும் திறந்தவெளிக் குழிகளும் ஒருங்கே இயங்கின. செங்கல், ஒட்டுப்பலகை முதலியவற்றைச் செய்யும் தொழிற்கூடங்களும் தோன்றின. காட்டின் நடுவே ஒரு முழுமையான தொழில் நகரம் உருவாயிற்று.

தொழிலாளருள் சீனர் பெரும்பான்மையினர். இந்தியரும் மலாய்க்காரரும் உடன் உழைத்தனர். சீனத் தொழிலாளர் பலர் ‘கெப்பாலா’ எனப்பட்ட ஒப்பந்தக்காரரின் கீழ் அமர்த்தப்பட்டனர். நம் தோட்டப்புறங்களில் கங்காணி வகித்த இடத்திற்கு ஓரளவு ஒப்பானது இது. நிறுவனத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒருவர் நின்றார். ஆளைக் கொணர்பவரும், கூலியைப் பகிர்பவரும், தம் ஆட்களைப் பெயரால் அறிந்தவரும் அவரே. நிறுவனத்தின் பார்வையில் தொழிலாளி பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகவே நின்றார். இச்செய்தி பின்னர்க் கூறப்போகும் கருத்துக்கு அடிப்படையாதலின் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இச்சுரங்கத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்து இயக்கினர். போருக்குப் பின் நிலைமை மாறியது. இரயில்வேயும் மின்நிலையங்களும் எண்ணெய்க்கு மாறின. கரிக்குச் சந்தை சுருங்கியது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டபோது, ஒரே தொழிலை நம்பி வாழ்ந்த ஊர் தன் வாழ்வாதாரத்தை இழந்தது.

சுரங்கமும் அச்சமும்

சுரங்கம் உள்ள இடமெல்லாம் அதனைப் பற்றிய ஆவி நம்பிக்கையும் உள்ளது. ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 16ஆம் நூற்றாண்டிலேயே சுரங்கப் பேய்களைப் பற்றி எழுதியுள்ளார். ‘கோபால்ட்’ என்னும் உலோகத்தின் பெயரே, சுரங்கத்தாரை ஏமாற்றும் குறும்புப் பேயைக் குறிக்கும் ‘கோபோல்ட்’ என்ற ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் ஈயச் சுரங்கத்தார், பாறைக்குள்ளிருந்து தட்டும் ஒலி எழுப்பும் குட்டி ஆவிகளை நம்பினர்.

மலாயாவிலும் இத்தகைய நம்பிக்கை வேரூன்றியிருந்தது. கிந்தாப் பகுதியில் சுரங்க ஆய்வாளராகப் பணியாற்றிய ஏபிரகாம் ஹேல் 1885இல் வெளியிட்ட கட்டுரையும், ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திர மரபு பற்றிய நூலும் இது குறித்து விரிவான செய்திகளைத் தருகின்றன. லம்பத்தைத் திறக்கும் முன் ‘பாவாங்’ என்னும் மந்திரவாதி சடங்கு செய்ய வேண்டும். கறுப்பு மேலங்கி அணியும் உரிமை அவருக்கே உரியது. யானை, பூனை, எருமை முதலியவற்றை லம்பத்தில் அவற்றின் இயற்பெயரால் குறிப்பிடலாகாது; மாற்றுப் பெயர்களையே வழங்க வேண்டும். பெயரைச் சொன்னால் ஈயத்தின் ஆவி சினந்து விலகிவிடும் என நம்பினர். இரவில் பாம்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடத் தயங்கும் நம் மரபை இதனோடு ஒப்புநோக்கலாம்.

இந்நம்பிக்கைகளுக்கு இயற்கைக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நிலத்தடியில் கூரையைத் தாங்கும் மரக்கால்கள் பாரம் மிகும்போது முனகும். நொறுங்கும் முன் ஒலி எழுப்பும். அதனைப் பேயின் எச்சரிக்கையாகக் கொண்டு வெளியே ஓடியவன் உயிர் பிழைத்திருக்கக் கூடும். கரிச் சுரங்கங்களில் தீப்பற்றும் வாயுவும் மணமற்ற நச்சு வாயுவும் தேங்கும். காயம் ஏதுமின்றி ஒருவன் சாய்ந்து விழுந்து இறப்பது, வாயுவைப் பற்றி அறியாதார்க்கு வேறு எவ்வாறு தோன்றியிருக்கும்? பத்து ஆராங் கரியோ காற்றுப் பட்டால் தானே கனன்று எரியும் தன்மை உடையது. யாரும் மூட்டாத நெருப்பும், மண்ணிடுக்கில் எழும் புகையும் அவ்வூர் மக்கள் கண்ணாரக் கண்டவை. மூடிய பின்னரும் குழிகளின் ஆழம் குறையவில்லை. அங்கே பேய் இருக்கிறது என்று பெற்றோர் சொன்னது, பிள்ளைகள் நீர் நிரம்பிய குழிகளின் பக்கம் போகாமல் தடுக்கும் வேலியாகவும் பயன்பட்டிருக்கும்.

ஆனால் இவ்விளக்கங்கள் அச்சம் பிறந்த வகையைக் காட்டுகின்றனவே அன்றி, சுரங்கம் மூடி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கதை ஏன் நிலைத்திருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. அதற்கு மரணம் பற்றிய பண்பாட்டு நம்பிக்கைகளை நோக்க வேண்டும்.

பெயரும் உறவும்

தமிழ் மரபில் அகால மரணம் அடைந்தோர் எல்லாரும் பேயாவதில்லை. கரந்தைப் போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிநிலைகளாக வகுத்துக் கூறுகிறது. நடுகல்லில் அவன் பெயரும் பீடும் பொறிக்கப்பட்டன என்பதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பிற்கால நாட்டார் மரபிலும் இதுவே தொடர்கிறது. மதுரைவீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் ஆகியோர் கொடிய முறையில் உயிரிழந்தவர்கள். அவர்கள் பேயாக அலையவில்லை, தெய்வமாயினர். அவர்களுடைய கதைப்பாடல்கள் பெயர், ஊர், குலம், காதல், குற்றச்சாட்டு, கொலை ஆகிய அனைத்தையும் முறையாகச் சொல்கின்றன. ஆண்டுதோறும் கொடை நடத்த உறவினரும் ஊராரும் இருந்தனர்.

இதனின்று ஒரு வேறுபாடு புலனாகிறது. கொலையுண்டவனின் பெயரைச் சொல்லவும் அவனுக்குப் படையல் இடவும் ஆள் இருப்பின் அவன் தெய்வமாகிறான். பெயர் மறந்து, உறவு அறுந்த நிலையில் அவனே பேயாகிறான். சீனர் மரபிலும் இதற்கு இணையான எண்ணம் உண்டு. ஏழாம் சந்திர மாதத்தில் அவர்கள் படையல் இடுவது தம் முன்னோர்க்கு மட்டுமன்று. வழிபட வழித்தோன்றல் இல்லாது பசியோடு அலையும் ஆவிகளுக்கும் சேர்த்தே ஆகும். உறவற்ற மரணமே பேயை உண்டாக்குகிறது என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

இனிப் பத்து ஆராங் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கடல் கடந்து தனியனாக வந்தவர் பலர். பெற்றோரும் மனைவி மக்களும் தமிழகத்துச் சிற்றூரிலோ தென்சீனத்திலோ இருந்தனர். இறந்தால் கொள்ளி வைக்க மகன் அருகில் இல்லை. திதி கொடுக்கவும் ஆள் இல்லை. இறந்தவரை அறிந்த உடன்தொழிலாளரும் வேறு இடம் பெயர்ந்து சென்றனர். தெய்வமாவதற்கு வேண்டிய பெயரும் உறவும் இத்தொழிலாளிக்கு வாய்க்கவில்லை. எனவே சுரங்க நகரத்துப் பேய் என்பது, புலம்பெயர்ந்த உழைப்பாளியின் சடங்கற்ற சாவு விட்டுச்சென்ற நினைவு எனக் கொள்வது பொருந்தும்.

இக்கருத்துக்குப் பேராக் மாநிலத்தின் பாப்பான் நகரம் துணைச்சான்று தருகிறது. ஈயத்தால் வளர்ந்து, ஈயம் குறைந்தபின் வெறுமையுற்ற ஊர் அது. 1896இல் கட்டப்பட்ட ராஜா பிலா மாளிகை அங்கே பேய்வீடாகப் பேசப்படுகிறது. அதே ஊரின் முதன்மைச் சாலையில் 74ஆம் எண் கொண்ட கடைவீடு அவ்வாறு அறியப்படவில்லை. ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு அங்கே மருந்தகம் நடத்தினார். எதிர்ப்புப் படையினருக்கு மறைவில் மருத்துவம் செய்தார். 1943இல் கைதாகிக் கொடுஞ்சித்திரவதைக்கு உள்ளானார். அதன் விளைவான உடல்நலிவால் 1948இல் பிரித்தானியாவில் காலமானார். அவ்வீட்டுக்கும் துயரம் உண்டு. ஆனால் அவ்வீட்டுக்கு உரியவரின் பெயரும் உண்டு. அவர் எழுதிய நினைவுக் குறிப்பும் 1954இல் நூலாக வெளிவந்தது. ஆகவே அவ்வீடு நினைவிடமாயிற்று, பேய்வீடாகவில்லை.

கதை காப்பதும் கதை மறைப்பதும்

பேய்க்கதை இடத்தை மறப்பதில்லை. எந்தக் குழி, எந்தச் சூளை, எந்த மரம் என்பதை அது துல்லியமாகச் சுட்டும். ஆவணம் இல்லாத இடத்தில் ஏதோ தீங்கு நிகழ்ந்தது என்பதையும் அது உணர்த்தும். இவை ஆய்வாளனுக்குப் பயன்படும் குறிப்புகளாகும். எனினும் கதையின் குறைகளையும் மறுப்பதற்கில்லை.

முதலாவது, காலமயக்கம். மலேசியாவில் பாழடைந்த கட்டடங்களைப் பற்றிய கதைகளில் ஜப்பானியர் காலம் பெரிதும் இடம்பெறும். போர்க்காலக் கொடுமை உண்மையே. ஆயினும் எல்லாச் சாவுகளையும் மூன்றரை ஆண்டு ஜப்பானியர் ஆட்சியின் கணக்கில் எழுதிவிட்டால், முன்னும் பின்னும் அமைதி நிலவியது என்ற தோற்றம் உண்டாகிறது. சுரங்கம் நாற்பத்தைந்து ஆண்டுகள் இயங்கியது. வாயுவும் தீயும் மண்சரிவும் எந்த ஆட்சிக்காகவும் காத்திருப்பவை அல்ல. வெளியிலிருந்து வந்த பகைவனைக் கதை எளிதில் குற்றஞ்சாட்டுகிறது; அன்றாட வேலையில் உயிர் பறித்த சூழலைக் கேள்வி கேட்பதில்லை.

இரண்டாவது, கூட்டுச் செயலைப் பற்றிய மௌனம். 1936 இறுதியிலும் 1937 மார்ச்சிலும் பத்து ஆராங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாம் வேலைநிறுத்தத்தின்போது ஆயிரக்கணக்கானோர் திரண்டு சுரங்கத்தையே தம் வசப்படுத்தினர். கரி நின்றால் இரயிலும் மின்சாரமும் நிற்கும் என்பதால் அரசு கலங்கியது. மார்ச் 27ஆம் நாள் காவல்துறை அதிரடியாகப் புகுந்து சுரங்கத்தை மீட்டது. மலாயாத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. வரலாற்றாசிரியர் இயோ கிம் வா உள்ளிட்டோர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் இத்தகைய நிகழ்ச்சிக்குப் பேய்க்கதையின் அமைப்பு இடந்தருவதில்லை. பேய் தனியாகவே வரும். ஒருவனுடைய சாவையே சொல்லும். ஆயிரக்கணக்கானோர் உயிரோடு ஒன்றுகூடித் தம் உரிமையைக் கேட்டதை அதனால் சொல்ல இயலாது. உழைத்தவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே காட்டி, போராடியவர்களாகக் காட்டாமல் விடுவது இக்கதைகளின் பெருங்குறை.

மூன்றாவது, அச்சத்தால் விளைந்த மறைப்பு. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே கொரில்லாக்கள் பத்து ஆராங் சுரங்கத்தைத் தாக்கினர், உயிர்கள் பலியாயின. அக்காலச் சூழலில் யார் யாரைக் கொன்றார் என்று பேசுவதே ஆபத்தாயிற்று. மனிதரைப் பற்றிப் பேச அஞ்சும் ஊரில் பேயைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பானது. கொலையாளியையோ காட்டிக்கொடுத்தவரையோ சுட்டாமல், இறந்தவர் இருக்கிறார் என்பதை மட்டும் அது சொல்லிவிடும்.

தமிழ்ச் சுரங்கத் தொழிலாளி எங்கே?

இத்தொடர்பில் தமிழாய்வு உலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தோட்டப்புற வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கெர்னியல் சிங் சந்து, சின்னப்பா அரசரத்தினம் ஆகியோரின் அடிப்படை நூல்களிலும் இரப்பர்த் தோட்டமே மையமாக நிற்கிறது. நம் புதினங்களும் சிறுகதைகளும் லயத்தையும் பால்மரத்தையும் பாடிய அளவுக்குச் சுரங்கத்தைப் பாடவில்லை. மறுபுறம், சுரங்க வரலாறு சீனர் வரலாறாகவே எழுதப்பட்டது. பெரும்பான்மையை நோக்க இவ்விரண்டும் நியாயமே. ஆனால் இவற்றிடையே பத்து ஆராங்கில் உழைத்த இந்தியத் தொழிலாளி இரு வரலாறுகளிலிருந்தும் நழுவிவிட்டார். பேய்க்கதைக்கு வெளியே அவருக்கு இடமில்லாது போனமைக்கு நம் ஆய்வு மரபும் ஒரு காரணம்.

பெயர் எஞ்சினால் நிலை எவ்வாறு மாறும் என்பதற்கு, அண்டைப் பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949இல் ரவாங் வட்டாரத்தில் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடலாம். ஆனால் வழக்கு, தீர்ப்பு, நாள் எல்லாம் பதிவாகியிருப்பதால் அவரைப் பற்றி வாதிட முடிகிறது. பெயரற்ற தொழிலாளியைப் பற்றியோ வாதிடவும் வழியில்லை, அஞ்சத்தான் முடிகிறது.

ஆசிரியர்களுக்குரிய பணி

1960இல் இருபது வயதில் வேலையிழந்த ஒருவர் இன்று உயிரோடிருப்பின் எண்பத்தைந்தை எட்டியிருப்பார் அல்லது கடந்திருப்பார். சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர்களிடம் நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவர்தம் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கதைகளே. ஆதலால் கதைகளைத் தொகுக்கும் பணியைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.

தமிழாசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்ய இயலும். கதையைக் கேட்டு எழுதுவதோடு நில்லாமல், ஒவ்வொரு கதையிடமும் நான்கு வினாக்களை எழுப்பச் செய்யலாம். கதை எந்த இடத்தைச் சுட்டுகிறது? எந்தக் காலத்தைச் சொல்கிறது? எவ்வகைச் சாவைப் பேசுகிறது? யாரைக் குற்றஞ்சாட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது? பின்னர் அவ்விடைகளைப் பதிவுகளோடு ஒப்பிடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வழங்குகிறது. ஆங்கில இதழ்களோடு தமிழ் முரசும் அவற்றுள் அடங்கும். இடுகாட்டுக் கற்களும் கோயில் நன்கொடைப் பலகைகளும்கூடப் பெயர்களைத் தரவல்லவை. பத்துக் கதைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தாலும் அது பயனுள்ள அறுவடையே.

இவ்வாறு செய்கையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பதிவில் இல்லாததைக் கதையைக் கொண்டு நிரப்பி, அதனை நிகழ்ந்த உண்மையாக எழுதிவிடலாகாது. கதை தருவது வினா, விடையன்று.

முடிவுரை

மலாய்ப் பாவாங் லம்பத்தில் பெயர் சொல்லாமையால் ஆவியை அமைதிப்படுத்தினார். நம் முன்னோர் கல்லில் பெயர் பொறித்ததால் இறந்தவரை அமைதிப்படுத்தினர். பத்து ஆராங்கின் புகைபோக்கிகளைச் சுற்றி உலவும் கதைகளுக்கு வேண்டப்படுவது இந்த இரண்டாம் வழியே ஆகும். அங்கே உழைத்து இறந்தவர் யாவர், எவ்வாறு இறந்தனர், உயிரோடிருந்தபோது எதைக் கேட்டுப் போராடினர் என்பவற்றைக் கண்டெழுதுவது வரலாற்றாசிரியரின் கடன். அக்கடன் நிறைவேறும் அளவுக்குப் பத்து ஆராங் பேய்களின் நகரமாக அன்றி, உழைப்பாளர் நகரமாக நம் மாணவர் நினைவில் நிலைபெறும்.